ஒயின் பாட்டிலை மோந்து பார்த்தவர்கள்

ஒயின் ஊற்றிக் கொடுக்கிறவனை எவனும் நம்புவதில்லை; புளித்தால் கெட்டுப்போனது என்பார்கள், இனித்தால் சர்க்கரைத் தண்ணீர் என்பார்கள், இரண்டும் இல்லாவிட்டால் எதையோ மறைக்கிறாய் என்பார்கள்.

எழுபதுகளில் மாமல்லபுரம் கடற்கரையில், சவுக்குத் தோப்புக்கு நடுவே இருந்த ஒரு ஓட்டலில் எனக்கு இந்த வேலை வாய்த்தது. நான் திருக்கழுக்குன்றத்துக்காரன். வெங்காயம் பூண்டு தவிர வேறு காரசாரம் அறியாத சைவக் குடும்பம். பி.யூ.சி. படித்ததில் கொஞ்சம் இங்கிலீஷ் பேச வரும் என்பதால் வெள்ளைக்காரர்களுக்குச் சாப்பாடு பரிமாறச் சேர்ந்தேன். மதுவிலக்கைத் தளர்த்தி ஊருக்கு ஊர் கடை திறந்த சமயத்தில் ஓட்டலிலும் பார் வந்தது. மேனேஜர் டிசோசா மங்களூர்க்காரர். விஸ்கி, பிராந்தியை யார் வேண்டுமானாலும் விற்கலாம், கையைக் கடிக்காத விலையில் நல்ல ஒயின் ஒன்றைக் கண்டுபிடித்து விற்பதுதான் கெட்டிக்காரத்தனம் என்பது அவர் கட்சி. சீமை ஒயின் ஆனை விலை, குதிரை விலை. ஆகவே ஹைதராபாத் பக்கத்துச் சிவப்பு, கோவாவின் இனிப்பு போர்ட் ஒயின், பம்பாய் வழியாக வந்த பேர் தெரியாத ஒரு வெள்ளை என்று வரவழைத்தார். மத்தியானம் ஆள் இல்லாத நேரத்தில் அவரும் நானும் ஒவ்வொன்றாக வாயில் விட்டுக் கொப்பளித்து, ஒரு வாளியில் துப்பி, முகத்தைச் சுளித்துக்கொள்வோம்.

ரேஷன் கடையில் எடை போடுகிறவர்களே, பால் அளக்கிறவர்களே, பெட்ரோல் அடிக்கிறவர்களே, உங்களுக்கு அந்தப் பார்வை தெரியும். கையைப் பார்ப்பார்கள், பிறகு முகத்தைப் பார்ப்பார்கள், மறுபடி கையைப் பார்ப்பார்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு வாய் ஊற்றியது

செங்கல்பட்டில் ரைஸ் மில் வைத்திருந்த முதலாளி ஒருவர் ஞாயிற்றுக்கிழமை காரில் வந்தார். இருப்பதிலேயே நல்ல ஒயின் கொண்டுவரச் சொன்னார். மேனேஜர் சொல்லிக் கொடுத்தபடி கார்க்கை எடுத்து, கிளாஸில் ஒரே ஒரு வாய் ஊற்றிவிட்டு, துண்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு நின்றேன். அவர் கிளாஸைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இவ்வளவுதானா என்று கேட்டார். இல்லை சார், முதலில் ருசி பார்த்துச் சரி என்று சொன்னால் பாக்கியை ஊற்றுவேன் என்றேன். அப்போது சரியில்லாமல் போகவும் வாய்ப்பு உண்டா என்றார். எப்போதாவது உண்டு என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். நீ குடித்துக் காட்டு என்றார். டியூட்டியில் குடிக்கக் கூடாது என்றேன். சரக்கில் ஏதோ கோளாறு என்று அவருக்கு முடிவே ஆகிவிட்டது.

வெளியே நின்ற டிரைவரைக் கூப்பிட்டு அந்த ஒரு வாயைக் குடிக்கச் சொன்னார். டிரைவர் குடித்து, மேலே பார்த்து, இன்னும் சரியாகத் தெரியவில்லை முதலாளி, இன்னொரு வாய் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்றான். பார்த்தான். அதற்கப்புறமும் அவனுக்கு ஒரு சின்னச் சந்தேகம் பாக்கி இருந்தது. முதலாளிக்கு நம்பிக்கை வருவதற்குள் பாட்டிலில் பாதி போய்விட்டது. கடைசியில் அவர் சோடா மட்டும் குடித்தார். டிரைவரைப் பின் சீட்டில் படுக்க வைத்து, தானே வண்டியை எடுத்தார். கிளம்புமுன் கண்ணாடியை இறக்கி என்னிடம் சொன்னது: "மருந்துக் கடைக்காரன் மாத்திரையை நக்கிப் பாத்துட்டு வாங்கிக்கோன்னு சொல்றானா? நல்ல சரக்குன்னா நீ ஏன்யா என்னைக் கேக்கற?"

பஸ்ஸில் வீசிய வாசனை

குடிக்காமலே குடிகாரன் என்று பேர் எடுப்பது எப்படி என்று என்னைக் கேட்டால் சொல்லுவேன். துப்பினாலும் வாசனை போகாது. சட்டையில் தெறித்த சிவப்பும் போகாது. என் மனைவி விசாலம் வாய் திறந்து எதுவும் கேட்க மாட்டாள். வீட்டுக்குள் நுழைந்ததும் சட்டையை வாங்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போவாள், துவைக்கப் போகிறாள் என்று நினைப்பேன், மோந்து பார்த்துக்கொண்டிருப்பாள். கிராம்பு மென்றுவிட்டு வந்து பார்த்தேன். தப்பு செய்யாதவனுக்குக் கிராம்பு எதற்கு என்பது அவள் முகத்திலேயே எழுதியிருந்தது. கிராம்பை விட்டேன். அதற்கு, இப்போது மறைக்கக்கூட வெட்கப்படவில்லை என்று அர்த்தமாயிற்று. சோறு போடுவாள், தண்ணீர் வைப்பாள், தள்ளி உட்கார்ந்துகொள்வாள். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம்.

ஒரு நாள் அவள் மாமல்லபுரத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்கு வந்திருந்தாள். சாயங்காலம் இருவருமாக பஸ் ஏறினோம். வெண்புருஷத்திலிருந்து கூடையோடு வரும் மீன்காரம்மா அஞ்சலை தினமும் என் கூட வருகிறவள். விசாலம் யாரென்று தெரியாமல் என்னை வம்புக்கு இழுத்தாள். தான் கூடையோடு ஏறினால் எல்லாரும் தள்ளிப் போகிறார்கள், இந்த அண்ணாத்த ஏறினால் ஆம்பளைகள் எல்லாம் கிட்டே வந்து குந்துகிறார்கள், அப்படி என்ன வாசனை என்று கேட்டு பஸ்ஸையே சிரிக்க வைத்தாள். விசாலம் சிரிக்கவில்லை. நேராக அஞ்சலையிடம், நான் இவர் சம்சாரம், தினமும் பார்க்கிறீர்களே, இவர் குடிக்கிறாரா இல்லையா என்று கேட்டுவிட்டாள். சிரித்தவர்கள் எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். அஞ்சலை என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு விசாலத்தின் பக்கம் திரும்பினாள்.

"குடிக்கிறவன் மூஞ்சி எனக்குத் தெரியாதா? என் வூட்டுக்காரன் மூஞ்சத்தான் தெனமும் பாத்துகினு கீறேனே. இவரு குடிக்கல தாயி. ஆனா குடிச்சவனாட்டம் பயந்துகினு கீறாரு, அது இன்னாத்துக்குன்னு கேளு."

டச்சுக்காரம்மாள்

ஹாலந்திலிருந்து வயதான அம்மாள் ஒருத்தி தனியாக வந்து தங்கினாள். காலையில் வாடகை சைக்கிள் ரிக்‌ஷாவிலோ பஸ்ஸிலோ சதுரங்கப்பட்டினம் போய்விடுவாள். அங்கே இடிந்த டச்சுக் கோட்டைக்குள் இருக்கும் கல்லறைகளின் மேல் தாளை வைத்து, கரியால் தேய்த்து எழுத்துகளைப் படி எடுப்பாள். அவளுடைய முன்னோர் யாரோ அங்கே புதைந்திருக்கிறாராம். பக்கத்திலேயே கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. வெள்ளைக்காரி ஒருத்தி தனியாக வந்து தாளில் எதையோ தேய்க்கிறாள் என்றால் ஊர் சும்மா இருக்குமா? ஏட்டு ஒருவர் மப்டியில் வந்து சமையற்கட்டு வாசலில் நின்று என்னை விசாரித்தார். அவள் எங்கே போகிறாள் என்பது அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. என்ன சாப்பிடுகிறாள், என்ன குடிக்கிறாள் என்றுதான் கேட்டார்.

பொரித்த நெத்திலியும், இருப்பதிலேயே மலிவான கோவா ஒயினில் ஐஸ் போட்டதும் என்றேன். ஏட்டுக்கு அது சரிப்படவில்லை. பணம் இருக்கிறவள் மலிவானதை ஏன் குடிக்க வேண்டும்? அதை நீயே நயமாகக் கேட்டுச் சொல் என்றார். எனக்கும் உள்ளுக்குள் அந்தச் சந்தேகம் இருந்தது. மறுநாள் ஊற்றும்போது, மேடம், இதைவிட நல்லதும் எங்களிடம் இருக்கிறது என்று மெல்ல ஆரம்பித்தேன். அவள் ஒரு நெத்திலியைத் தலையோடு கடித்து, காரத்துக்கு ஒரு மடக்குக் குடித்துவிட்டு, இங்கிலீஷில் நிதானமாகச் சொன்னாள். "இது நல்ல ஒயின் இல்லை. ஆனால் எனக்குப் பிடித்த ஒயின். ரெண்டும் வேற வேற." எனக்கு அது பெரிய உபதேசம்போலப் பட்டது. மேனேஜரிடம் சொன்னேன், அவர் தலையாட்டினார். அன்றிலிருந்து காரமாக மீன் கேட்கிறவர்களுக்கு எல்லாம் அந்த இனிப்பு ஒயினை ஐஸோடு சிபாரிசு செய்ய ஆரம்பித்தேன், பாதிப் பேருக்குப் பிடிக்கவும் செய்தது. ஏட்டிடம் அப்படியே மொழிபெயர்த்துச் சொன்னபோது மட்டும் அவர் மீசையைத் தடவிக்கொண்டார்: "புடிச்சதைக் குடிக்கிறதுக்கா கப்பல் ஏறி வந்தா? வேற ஏதோ கீது. நீ ஒரு கண்ணு வச்சிக்கோ."

மட்டம் ஏறிய பாட்டில்

கிளாஸ் கணக்கில் விற்கத் திறந்து வைத்திருந்த ஹைதராபாத் சிவப்பில் மட்டம் குறைய ஆரம்பித்தது. மத்தியானம் பார் மூடும்போது ஓர் அளவு, சாயங்காலம் திறக்கும்போது ஒரு விரல் குறைவு. மேனேஜர் லேபிளில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்தார். அவரேதான் குடித்துவிட்டு என் தலையில் கட்டப் பார்க்கிறாரோ என்று எனக்குத் தோன்றி, பின்பக்கம் நானும் ஒரு புள்ளி வைத்தேன். அலமாரிக்குப் பூட்டு உண்டு. சாவி அவரிடம் ஒன்று, சமையற்கட்டு ஆணியில் ஒன்று. பார் வேலை பார்ப்பவன் நான் ஒருவன் என்பதால், ஆணியிலிருந்து எடுத்திருக்கக் கூடியவன் நான்தான் என்று அவர் முடிவு கட்டினார். கத்தவில்லை. மாதம் முடிந்ததும் வேறு இடம் பார்த்துக்கொள் சாமி என்று பக்கத்தில் யாரும் இல்லாதபோது சொன்னார். வீட்டில் சொல்ல முடியுமா? அஞ்சலையின் சாட்சியம் இருந்தும் விசாலம் அரை மனதாகத்தான் நம்பியிருந்தாள். ஒயின் திருடியதால் வேலை போயிற்று என்று போய் நின்றால் அந்த அரையும் போய்விடும். மத்தியானம் முழுவதும் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பத்து நாள் கழித்து ஒரு சாயங்காலம் அலமாரியைத் திறந்தால் மட்டம் கோட்டுக்கு மேலே ஏறியிருந்தது. மேனேஜர் என்னையே பார்த்தார். தண்ணீர் ஊற்றிவிட்டாயா என்று கேட்டபடி ஒரு துளி நாக்கில் வைத்தார். மறுபடி ஒரு துளி வைத்துப் பார்த்தார். எனக்கும் கொடுத்தார். அதுவரை அந்த ஒயின் காய்ச்சிய புளித்தண்ணீர் மாதிரித்தான் இருக்கும்; அன்றைக்கு அது பழுத்த நாவல்பழத்தைக் கசக்கி மோந்தது போல இருந்தது. அன்று வந்திருந்த செங்கல்பட்டு டாக்டர் ஒருவர் அதில் இரண்டாவது கிளாஸ் கேட்டார். எங்கள் பாரில் அந்த ஒயினுக்கு அப்படி நடந்ததே இல்லை.

மேனேஜர் எல்லாரையும் கூப்பிட்டு வைத்து, திருடியது யார் என்று கேட்கவில்லை. ஊற்றியது யார் என்று கேட்டார். சமையற்காரன் கபாலி கையைத் துடைத்துக்கொண்டே முன்னால் வந்தான். புதுப்பட்டினத்துக்காரன். அவன் மனைவிக்குப் பிள்ளை பிறந்து எழுந்திருக்க முடியாமல் கிடந்தாள். சிவப்பு ஒயின் ஒரு கரண்டி தினமும் கொடுத்தால் ரத்தம் ஊறும் என்று மருத்துவச்சி சொல்லியிருந்தாள். வாங்க வகையில்லை, எடுத்தான். என் வேலை போகிறது என்று சமையற்கட்டுச் சுவர் வழியாகக் காதில் விழுந்ததும் அவனுக்குச் சோறு இறங்கவில்லையாம். லாரி ஓட்டும் மச்சானிடம் சொல்லி ஒரு பாட்டில் வரவழைத்து, எடுத்த அளவுக்கு ஊற்றி வைத்திருக்கிறான்.

அந்த பாட்டிலைக் கொண்டுவரச் சொன்னார் மேனேஜர். பார்த்தால் எங்கள் பாட்டிலேதான். அதே கம்பெனி, அதே லேபிள். எங்கே வைத்திருந்தாய் என்று கேட்டதற்கு, வீட்டில் வேறு இடம் இல்லாததால் தண்ணீர்ப் பானைக்கு அடியில் போட்ட ஈர மணலில் படுக்க வைத்திருந்தேன் என்றான். எங்கள் பாட்டில்களோ அடுப்புச் சுவரை ஒட்டிய அலமாரியில் கோடை முழுவதும் நின்றபடி வெந்துகொண்டிருந்தன. ஓட்டலில் பூட்டு இருந்த ஒரே அலமாரி அதுதான். திருட்டுக்குப் பயந்து நாங்களே ஒயினைக் கொன்றிருக்கிறோம். அன்று மாலையே பாட்டில்கள் மாடிப்படிக்குக் கீழே இருட்டில், பூட்டில்லாமல், மணலில் படுத்துக்கொண்டன. மேனேஜர் என் தோளில் கை வைத்து, போகாதே சாமி என்று மட்டும் சொன்னார். கபாலியையும் அனுப்பவில்லை, உன் மனைவி எழுந்து நடமாடும் வரை கேட்டு வாங்கிக்கொண்டு போ என்றார். கபாலிக்கு அழுகையும் வந்தது, வியப்பும் வந்தது: "எடுத்தப்ப மாட்டிக்குவேன்னு தெனம் பயந்தேன் சார், மாட்டல. திருப்பி வச்சதுக்கு மாட்டிக்கினேன்."

கடல் கொடுத்தது

சதுரங்கப்பட்டினத்து மீனவர் ஏகாம்பரம் எங்களுக்கு இறால் கொடுக்கிறவர். ஒரு காலையில் இறாலோடு ஒரு பாட்டிலும் கொண்டுவந்தார். வலையில் சிக்கியதாம். மேலெல்லாம் சிப்பி ஒட்டி, லேபிள் போய், வாயில் மெழுகு முத்திரை மட்டும் கெட்டியாக இருந்தது. கண்டதைக் குடித்துக் கண் போனவர்கள் கதையெல்லாம் ஊரில் புழங்கிய காலம். கூட்டாளிகள் குடிக்கலாம் என்கிறார்கள், வீட்டில் விஷம் என்கிறார்கள், நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள் என்றார். மேனேஜர் முத்திரையை உடைத்து, கார்க்கை எடுத்து, மோந்தார். கண்ணை மூடிக்கொண்டார். ஒரு சொட்டு வாயில் விட்டார். துப்புகிற வாளி காலடியிலேயே இருந்தது, துப்பவில்லை. அவர் விழுங்கி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். எனக்கும் ஒரு சொட்டுக் கொடுத்தார். அதன் ருசியைச் சொல்லத் தெரியவில்லை. அதற்குப் பிறகு கொஞ்ச நாள் மற்ற ஒயின் எல்லாம் எனக்குக் கோபத்தை உண்டாக்கியது என்று மட்டும் சொல்லுகிறேன்.

இதைக் கொடுத்துவிடு, பதிலுக்கு ஒரு பெட்டி நிறைய எங்கள் ஒயின் தருகிறேன் என்றார் மேனேஜர். அவசரப்பட்டுவிட்டார். ஏகாம்பரம் அவர் முகத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். கார்க்கை உள்ளே அழுத்தி, பாட்டிலை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார். மேனேஜருக்கு அன்று மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை. பேரம் பேசிப் பார் என்று என்னை சதுரங்கப்பட்டினத்துக்கு அனுப்பினார். நான் போனபோது ஏகாம்பரம் மரத்தடியில் வலை கோத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் காலி பாட்டில். யார் குடித்தது என்று கேட்டேன். ஊசியை நிறுத்தாமலே சொன்னார்: "அவ்ளோ நல்ல சரக்குன்னா, அவன் எதுக்குக் கடல்ல போட்டான்? அதான், அவன் போட்ட எடத்துலயே நானும் ஊத்திட்டேன்."

இரண்டு சம்பந்திகள்

மறுபடி மதுவிலக்கு வந்தது. கடைகள் மூடின. எங்கள் பார் ஒரு சின்ன அறையாகச் சுருங்கி பர்மிட் ரூம் ஆயிற்று. வெள்ளைக்காரர்களுக்கும், உடம்புக்கு அவசியம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்து பர்மிட் வாங்கியவர்களுக்கும் மட்டும்தான். செங்கல்பட்டிலிருந்து ரிட்டயரான தலைமையாசிரியர் ஒருவர் வாரம் தவறாமல் வருவார். சுவரைப் பார்த்த நாற்காலியில்தான் உட்காருவார். படிக்கட்டில் சத்தம் கேட்டால் துண்டு தலைக்கு ஏறிவிடும். பழைய மாணவன் எவனாவது பார்த்துவிட்டால் என்ன ஆவது என்ற கவலை. நானே அவரிடம் படித்தவனோ என்று முதலில் இரண்டு மூன்று தடவை விசாரித்துத் தெளிந்துகொண்டார். மாடிப்படிக்குக் கீழே படுத்திருந்த எங்கள் மலிவுச் சிவப்பில் ஒரு கிளாஸ், கூட வறுத்த வேர்க்கடலை. குடிக்கும்போது முகம் குழந்தை மாதிரி ஆகிவிடும்.

ஒரு நாள் இன்னொரு பெரியவர் பர்மிட்டோடு வந்து, எதிர் மூலையில் இன்னொரு சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். அவரும் அதே சிவப்பைக் கேட்டார். பாட்டிலில் இரண்டு கிளாஸ்தான் மிச்சம். இருவருக்கும் ஊற்றினேன். நான் கடலைத் தட்டோடு வர, ஒரே சமயத்தில் இருவரும் அதற்காகத் திரும்பினார்கள். எனக்கு அப்போது விஷயம் தெரியாது. ஆனால் இரண்டு கிளாஸும் மேஜைக்குக் கீழே போன வேகத்தைப் பார்த்து ஏதோ பெரியது என்று மட்டும் புரிந்தது. புதிதாக வந்தவர் தலைமையாசிரியரின் சம்பந்தி. குடிப்பழக்கம் உள்ள வீட்டில் பெண் கொடுக்க மாட்டேன் என்று தீர விசாரித்துத்தான் பெண்ணைக் கொடுத்திருந்தாராம். தலைமையாசிரியரும் அப்படிப்பட்ட வீட்டில் பெண் எடுக்க மாட்டேன் என்று சொன்னவர்தான். நீங்கள் இங்கே எப்படி என்று ஒருவர் கேட்க, உங்களைத் தேடித்தான் வந்தேன் என்று மற்றவர் சொல்ல, நான் இங்கே வருவது உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று முதலாமவர் மடக்க, மற்றவர் மேஜைக்குக் கீழே இருந்த கிளாஸை எடுத்து மேலே வைத்தார். கல்யாணம் ஆகி அதிக நாள் ஆகவில்லை. ஒரு வார்த்தை வெளியே போனால் அந்தப் பெண்ணின் வாழ்க்கை என்ன ஆகுமோ என்று நான் கதவருகே கையைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

கடைசியில் தலைமையாசிரியர் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சம்பந்தியின் மேஜையில் போட்டார். கடலைத் தட்டையும் நடுவில் வைத்தார். புது பாட்டில் ஒன்று திறக்கச் சொல்லி, இரண்டு பேருக்கும் சேர்த்துப் போடு என்றார். அடுத்த வாரம் முதல் இருவரும் ஒரே பஸ்ஸில் வந்தார்கள், கடலைப் பார்த்து உட்கார்ந்தார்கள். அந்த முதல் நாள் கிளம்பும்போதுதான் வீட்டில் என்ன சொல்வது என்ற பேச்சு வந்தது. பக்கத்திலேயே திருவிடந்தை இருக்கிறது, பெருமாளைச் சேவித்தோம் என்று சொல்லிவிடலாமே என்றார் தலைமையாசிரியர். சம்பந்தி கையை ஆட்டி மறுத்தார்.

"திருவிடந்தை வேணாம் சம்பந்தி. அங்க கல்யாணம் ஆகணும்னு வேண்டிக்கிட்டுல்ல போவாங்க? கல்யாணம்தான் முடிஞ்சிடுச்சே, யாருக்கு வேண்டிக்கிட்டீங்கன்னு வீட்ல கேப்பா. திருக்கழுக்குன்றம்னு வச்சிக்குவோம். மலை ஏறி எறங்குனதுல கண்ணு செவந்துடுச்சின்னு சொல்லிடலாம்."

இத்தனை வருஷம் ஊற்றியதில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: பாட்டிலில் கலப்படம் இருந்ததோ இல்லையோ, குடிக்க வந்தவரின் சந்தேகம் கலக்காத ஒரு கிளாஸைக்கூட என் கையால் யாருக்கும் கொடுத்ததில்லை.